அவலாஞ்சி ஓடைக் குறிப்புகள்

டிரவுட் மீன் எப்போதும் நீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும். தலை மேட்டுப் பக்கம், வால் பள்ளத்துப் பக்கம். ஓடையில் அதைத் தேடிப் போகிறவர்கள் கீழிருந்து மேலே நடப்பது இதனால்தான். மேலிருந்து இறங்கி வந்தால், நாம் மீனைக் காண்பதற்கு வெகு முன்பே அது நம்மைக் கண்டுகொண்டு கரைக்கு அடியில் பதுங்கிவிடும். பிறகு எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தாலும் லேசில் வெளியே வராது.

நிற்பதற்கு அது தேர்ந்துகொள்ளும் இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓடைக்கு நடுவே கிடக்கும் பெரிய கல்லில் நீர் மோதி இரண்டாகப் பிரியும். கல்லைத் தாண்டியதும் மறுபடி சேரும். பிரிவதற்கும் சேர்வதற்கும் நடுவே, கல்லின் பின்புறம், ஓட்டம் தணிந்த சிறு இடம் ஒன்று உண்டு. அங்கே நின்றால் நீந்தும் உழைப்பு மிச்சம். இரு பக்கமும் விரைந்தோடும் நீர் பூச்சிகளை வாசலுக்கே கொண்டுவந்து தரும். ஓர் ஓடையில் இத்தகைய நல்ல இடங்கள் கொஞ்சம்தான். பெரிய மீன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சின்னது கிடைத்த இடத்தில் ஒதுங்கும். பெரியது போய்விட்டால் அந்த இடம் ரொம்ப நாள் காலியாக இருக்காது.

மீனைத் தேடினால் தெரியாது, நிழலைத் தேட வேண்டும். முதுகின் பச்சையும் அதன்மேல் தெளித்த கரும்புள்ளிகளும் அடியில் கிடக்கும் கூழாங்கற்களோடு கலந்துவிடும். வெயில் ஏறிய பிறகு, கூழாங்கற்களின் மேல் ஒரு கரிய கோடு நீரோடு போகாமல் நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கும். அந்தக் கோட்டிலிருந்து ஒரு சாண் மேலே பார்வையை உயர்த்தினால் மீன். அது உடலைத் திருப்பும்போது விலாவில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டை ஒரு கணம் தெரிந்து மறையும். வானவில் டிரவுட் என்ற பெயர் அந்தப் பட்டையால் வந்தது.

நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிகிறது. நீருக்குள் நுழையும்போது ஒளி வளைவதால் வரும் விளைவு இது. அந்த வட்டம் விரியும் கோணம் ஏறக்குறைய 97 பாகை. அதற்கு அப்பால் நீரின் மேற்பரப்பு மீனுக்கு வெறும் கண்ணாடி. ஓடையின் அடித்தரைதான் அதில் தலைகீழாகத் தெரியும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் வட்டத்தின் விளிம்புக்குள் வந்துவிடுவார். குந்தி உட்கார்ந்தவர் விளிம்புக்குக் கீழே ஒடுங்கிவிடுவார். மீனுக்காக என்றுதான் குந்தத் தொடங்குகிறோம். முழங்கால் மரத்துப்போகும் நேரத்தில் மீனைத் தவிர மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

*

ஓடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நீலகிரியின் குந்தா மலைப்பகுதியில், அவலாஞ்சி நீர்த்தேக்கத்துக்கு வந்து சேரும் சிற்றோடைகளில் அதுவும் ஒன்று. முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே ஓடுவது. ஒரே தாவில் தாண்டிவிடலாம் என்று தோன்றும், தாண்டினால் கால் நனையும், அவ்வளவு அகலம். தங்கள் ஓடையின் பெயரை வாய்விட்டுச் சொல்லாதிருப்பது தூண்டில்காரர்களின் பழைய வழக்கம். என்னிடம் இப்போது தூண்டில் இல்லை, வழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது.

இந்த நீர் அவலாஞ்சியில் தேங்கி, குந்தா மின்நிலையங்களின் ராட்சதக் குழாய்களில் விழுந்து, பவானியில் கலந்து, பில்லூரில் ஒரு பங்கு கோயம்புத்தூருக்குக் குடிநீராகப் பிரிந்து, மிச்சம் பவானிசாகர் வழியாக ஈரோட்டு வயல்களுக்குப் போய்ச் சேருகிறது. மீன் பற்றிய குறிப்புகளில் இதை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் வருகிறேன்.

*

ஓடை நலமாக இருக்கிறதா என்று பார்க்க மீனைத் தேட வேண்டியதில்லை. ஒரு கல்லைப் புரட்டினால் போதும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கல். அடிப்பக்கம் வழவழப்பாக, குளிர்ந்து கிடக்கிறது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் பட்டதும் கல்லின் ஒரு பகுதி நகர்கிறது. தட்டையான உடல், பக்கவாட்டில் படபடக்கும் செவுள்கள், பின்னால் மூன்று மெல்லிய வால் இழைகள். மேஃப்ளை என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த பூச்சியின் இளம் பருவம் இது. வாழ்நாளின் பெரும்பகுதியை இப்படிக் கல்லுக்கடியில் கழித்துவிட்டு, ஒருநாள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து தோலை உரித்துச் சிறகோடு எழும். சிறகு வந்த பிறகு அதற்கு உண்ணும் வாய் கிடையாது. இணை சேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும்.

அதே கல்லின் பள்ளத்தில் மணற்பருக்கைகளை ஒட்டிச் செய்த சிறு குழாய் ஒன்று, நகம் நீளம்கூட இல்லை. உள்ளே கேடிஸ் என்னும் பூச்சியின் புழு. வாயிலிருந்து வரும் பட்டிழையால் ஒவ்வொரு மணலாக எடுத்து ஒட்டித் தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டது. உற்றுப் பார்த்தால் முன்வாசல் பக்கம் பெரிய மணல், பின்பக்கம் பொடி மணல். புழு வளர வளர வீட்டையும் முன்பக்கமாக நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இவை இருந்தால் நீரில் உயிர்வளி இருக்கிறது, சாக்கடை கலக்கவில்லை, தோட்டத்து மருந்து இறங்கவில்லை. கல்லை எடுத்த இடத்தில் எடுத்த விதமாகவே திருப்பி வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் அத்தனை குடும்பமும் வெயிலுக்கும் மீனுக்கும் பலி.

டிரவுட்காரர்களின் தூண்டிலில் மண்புழு இராது. சேவலின் கழுத்து இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றி, இந்தப் பூச்சிகளைப் போலவே போலி ஈ கட்டுவார்கள். எடையில்லாத அந்த ஈயைக் கனத்த நரம்பின் வீச்சால் கொண்டுபோய், நீரின்மேல் ஓசையில்லாமல் இறக்க வேண்டும். பார்க்க அழகான வித்தைதான். ஆனால் அதில் பாதி, கையில் இல்லை. எந்தப் பூச்சி எந்த மாதத்தில் எந்த வேளையில் எழுகிறது என்று ஓடையோரம் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் மீன் கிடைக்கும். பொறுமையில்லாதவரை இந்த விளையாட்டு மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடும்.

*

இந்த மீன் நம்முடையது அல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. வானவில் டிரவுட்டின் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையும் ரஷ்யாவின் கம்சாட்கா பக்கமும்.

வெள்ளைக்காரர்கள் எங்கே போய்த் தங்கினாலும் உருளைக்கிழங்கையும் ரோஜாவையும் போலவே இந்த மீனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். 1864இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு டிரவுட் முட்டைகள் கப்பலேறின. ஈரப் பாசியில் பொதிந்து, பெட்டியில் அடுக்கி, பனிக்கட்டிக்கு அடியில் வைத்து மூன்று மாதக் கடல் பயணம். நீலகிரிக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் முயற்சி நடந்தது. பிரான்சிஸ் டே என்ற சென்னை ராணுவ மருத்துவர், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர், 1860களில் இங்கே டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். அப்போது மேட்டுப்பாளையத்துக்கே ரயில் கிடையாது. நெஞ்சு வேகும் சமவெளியைத் தாண்டி, மலைப் பாதையில் ஏறும்வரை அந்த முட்டையின் குளிர் குறையக் கூடாது. யோசித்துப் பார்த்தால் முயன்றதே பெரிய துணிச்சல்.

காரியம் கைகூடியது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து. எச்.சி. வில்சன் என்பவர் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். இலங்கையின் நுவரெலியா பக்கத்திலிருந்தும் ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் முட்டைகள் வந்தன. மலை ரயில் ஊட்டியை எட்டியது 1908இல். ஏறக்குறைய ஒரே சமயத்தில் ரயிலும் மீனும் மலையேறிவிட்டன. இரண்டையும் இன்றைக்கு ஊட்டியின் சொந்தச் சரக்கு என்றே சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லித் தருகிறார்கள்.

வில்சன் வந்தபோது இந்த மேட்டுச் சமவெளியின் ஓடைகளில் பெரிய வேட்டை மீன் எதுவும் இல்லை. அருவிகளைத் தாண்டி மேலே ஏற மீனால் முடியாது. ஆளில்லாத வீடு என்று நினைத்துக் குடியேற்றினார்கள். வீட்டில் ஆள் இருந்தது. அவர்கள் தேடிய அளவில் இல்லை, அவ்வளவுதான்.

*

பொரிப்பகத்தில் முட்டை எடுப்பதைப் பார்த்தது ஒரு குளிர்காலக் காலை. தரையெல்லாம் உறைபனி வெளுத்திருந்தது. இந்த மலையில் டிரவுட் முட்டையிடுவது குளிர்கால மாதங்களில்தான்.

வேலை செய்துகொண்டிருந்த பெரியவர், ஈரத்துணியால் பெண் மீனை அணைத்துப் பிடித்து, கட்டைவிரலால் வயிற்றை மேலிருந்து வால் பக்கமாக நீவினார். பலவந்தமே இல்லை. முட்டைகள் ஒரு கோடாக வந்து பேசினில் விழுந்தன. ஆரஞ்சு நிறம் ஏற்றிய ஜவ்வரிசி. பேசினில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அடுத்து ஆண் மீன். அதன் வயிற்றை நீவியதும் பால் வெள்ளையாகக் கொஞ்சம் விந்து பீய்ச்சியது. கோழி இறகு ஒன்றை எடுத்து இரண்டையும் மெதுவாகக் கலந்தார். அதன் பிறகுதான் தண்ணீர்.

“முதல்லயே தண்ணி ஊத்தினா என்ன ஆகும், ஐயா?”

“தண்ணி பட்டா அதுக்கு அரை நிமிஷம்தான் சார் உசிரு. அதுக்குள்ள முட்டையப் போய்ச் சேரணும். அதான் காய வச்சே கலக்கிறது.” பேசிக்கொண்டே மீனைத் தொட்டிக்குள் விட்டார். “தொட்டுப் பாக்கணும்னா கையை நனைச்சுக்கிட்டுத் தொடுங்க. காஞ்ச கை பட்டா மேல இருக்கிற கொழகொழப்பு போயிடும். அப்புறம் பூஞ்சை புடிச்சுடும்.”

இந்த முட்டை பொரிக்கும் நாளைக் குளிரைக் கொண்டு கணக்குப் போடுகிறார்கள். நீர் 10 டிகிரி செல்சியஸ் என்றால் ஒரு மாதம், கொஞ்சம் முன்பின். நீர் குளிரக் குளிர நாள் கூடும். இடையில் கருவுக்குக் கண் தெரியும்வரை தட்டை அசைக்கக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதைப் பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்குத் தாவும். ஓடையில் இந்த வேலையையெல்லாம் கூழாங்கற்கள் பார்த்துக்கொள்கின்றன. பெண் மீன் வாலால் அடித்துக் கற்களுக்கு நடுவே குழி பறித்து, முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடும். இருட்டும் கிடைக்கும், கற்களின் சந்துகளில் ஓடும் நீரும் கிடைக்கும். மேலே எங்காவது சாலை போட மண் வெட்டினாலோ காய்கறித் தோட்டத்துக்குச் சரிவைக் கொத்தினாலோ வண்டல் வந்து அந்தச் சந்துகளை அடைத்துவிடும். முட்டை மூச்சடைத்துச் சாகும். மேற்பார்வைக்கு ஓடை அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

*

1879இல் நீலகிரிக்கென்று தனியாக வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. எந்த விலங்கை எந்த மாதத்தில் சுடக் கூடாது, யாருக்கு உரிமம், எத்தனைக்கு மேல் கூடாது என்றெல்லாம் அதன் வழியே விதிகள் வந்தன. வேட்டைக்காரர்களின் சங்கம் ஒன்று அந்த விதிகளைக் காவல் காத்தது. அதே சங்கம் இன்று காட்டுயிர், சூழல் சங்கமாகப் பெயர் மாறி இயங்குகிறது. கேரளப் பக்கம், இரவிகுளத்து ஓடைகளை மூணாறின் தேயிலைத் துரைமார் தொடங்கிய தூண்டில் சங்கம் இப்படிப் பார்த்துக்கொண்டது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். தங்கள் விளையாட்டு கெடக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் காத்தார்கள். காட்டில் காலங்காலமாகப் புழங்கிய மக்கள் அந்த விதிகளால் திருட்டு வேட்டைக்காரர்கள் ஆனார்கள். இது உண்மை. அந்தக் காவல் இல்லாதிருந்தால் வரையாடு இன்று முக்கூர்த்தியின் பாறைகளில் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே, இதுவும் உண்மை. முக்கூர்த்தி 1982இல் சரணாலயமாகி, 1990இல் தேசியப் பூங்காவானது. பூங்காவுக்குள் இன்று தூண்டிலுக்கு இடமில்லை. சரியான முடிவு.

ஓடையைக் காப்பதற்குத் துரைமார் வரும்வரை இந்த மலை காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பைக்காரா ஆற்றையும் அவலாஞ்சி ஆற்றையும் தோடர்கள் தெய்வமாகக் கொண்டவர்கள். அந்த ஆறுகளைக் கடக்கும்போது போர்வையிலிருந்து வலது கையை வெளியே எடுத்து மரியாதை செய்வார்கள் என்று 1906இல் வெளிவந்த தம் நூலில் மானுடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் எழுதியிருக்கிறார். தோடர்கள் பரம்பரையாகப் புலால் உண்ணாதவர்கள். மீனே வேண்டாதவர்கள் ஆற்றுக்குக் கை எடுத்தார்கள். மீன் வேண்டும் என்பவர்கள் ஆற்றுக்குச் சட்டம் போட்டார்கள். இரண்டில் எது நீருக்கு உகந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தயக்கமில்லை.

*

ஆளில்லாத வீடு என்றேனே, அதற்கு வருகிறேன்.

சோலையும் புல்வெளியும் சேர்ந்த இந்த ஓடைகளில் குடியிருப்பவை தவளைகள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் பல. சிலவற்றின் தலைப்பிரட்டைகள் ஓடும் நீரிலேயே வளர்கின்றன. பாம்பு, பறவை, நண்டு என்று பழைய எதிரிகளிடமிருந்து தப்பிக்க அவற்றுக்குத் தெரியும். நடு ஓடையில் நாள் முழுக்க நீரை எதிர்த்து நின்று, அசைவதையெல்லாம் விழுங்கும் ஒரு மீனை அவற்றின் முன்னோர் பார்த்ததில்லை.

உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவிகள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வல்லுநர்கள் போட்ட பட்டியலில் வானவில் டிரவுட்டும் உண்டு, பழுப்பு டிரவுட்டும் உண்டு. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையுச்சி ஏரிகளில் மீனே இருந்ததில்லை. தூண்டில் விளையாட்டுக்காக அங்கே டிரவுட்டை விட்டார்கள். பிற்காலத்தில் விமானத்திலிருந்தே குஞ்சுகளைக் கொட்டினார்கள். அந்த ஏரிகளில் கூட்டங்கூட்டமாக இருந்த மஞ்சள்கால் தவளை அருகிப்போனது. பிறகு ஆய்வாளர்கள் சில ஏரிகளில் வலைபோட்டு மீன்களை முழுக்க எடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் தவளைகள் திரும்பிப் பெருகின. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதே கவலை உண்டு. வேறெங்கும் இல்லாத ஒரு சிறு நன்னீர் இறால் வாழும் ஓடையில் டிரவுட்டும் வாழ்கிறது.

நம் ஓடைகளில் டிரவுட் என்னென்ன தின்று தீர்த்தது என்று இனிக் கண்டறிவது கடினம். அது வருவதற்கு முன்னால் யாரும் தலைப்பிரட்டைகளை எண்ணி வைக்கவில்லை.

எனக்கு இந்த மீனைப் பிடிக்கும். அது நிற்கும் நேர்த்தி பிடிக்கும், அது எழுந்து ஈயை எடுக்கும்போது நீரில் விரியும் வளையம் பிடிக்கும். ஆனால் புதிதாக ஓர் ஓடையில் இதை விடலாமா என்று யாராவது கேட்டால் கூடாது என்பேன். குறிப்பாக, அருவிக்கு மேலே மீனில்லாமல் கிடக்கும் ஓடைகளில் ஒரு குடம் குஞ்சைக்கூடக் கொண்டுபோய் ஊற்றக் கூடாது. நூறாண்டாக ஊன்றிவிட்ட ஓடைகளில் இருக்கிறது இருக்கட்டும். வேரோடு பிடுங்க நம்மிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. பண்ணையில் வளர்க்கிறார்களா, தொட்டிக்குள் வளரட்டும், சாப்பிடட்டும். வடிகாலில் கம்பிவலை இருக்க வேண்டும். கழிவுநீர் நேராக ஓடைக்குப் போகக் கூடாது.

அனுமதி வாங்கித் தூண்டில் போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. பிடித்ததைத் திருப்பி விடுவதுதான் நாகரிகம் என்று வெளிநாட்டு வழக்கத்தைப் பார்த்து இங்கேயும் சொல்கிறார்கள். அது அந்த மீனுக்குச் சொந்தமான ஊரில் நல்ல வழக்கம். இங்கே அனுமதிச் சீட்டில் உள்ள கணக்குக்குள் பிடித்ததைக் கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள். தவளைகள் ஆட்சேபிக்கப் போவதில்லை.

*

இனி நீர். இந்தக் குறிப்புகளில் எனக்கு முக்கியமானது இதுதான்.

டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். 20 டிகிரிக்கு மேல் போனால் திணறும், 25ஐ நெருங்கினால் பிழைப்பது அரிது. குளிர்ந்த நீரில்தான் உயிர்வளி அதிகம் கரையும். கடல்மட்டக் கணக்கில் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் கரையும் என்றால், 20 டிகிரி நீரில் 9தான். மலை உயரத்தில் இரண்டுமே இன்னும் குறைவு. பங்குனி வெயிலிலும் இந்த ஓடை சில்லென்று ஓடுவது மலையின் குளிர்காற்றால் மட்டும் அல்ல. அது மண்ணுக்குள்ளிருந்து வருகிற நீர்.

புல்வெளியில் உட்கார்ந்து கையை மண்ணில் அழுத்திப் பார்த்தால் தெரியும். கறுப்பு மண். மழை முடிந்து வாரக்கணக்கான பிறகும் சரிவின் அடிவாரத்துச் சதுப்பில் கால் புதையும். தென்மேற்குப் பருவத்தில் கொட்டியதைப் புல்லும் மண்ணும் வாங்கி வைத்துக்கொண்டு கோடை முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமாக விடுகின்றன. கோடையில் ஓடை ஓடுகிறதென்றால் அது ஆடி மாதத்து மழை.

இந்தப் புல்வெளியைப் பாழ்நிலம் என்று கணக்கெழுதி மரம் நட்டார்கள். வெள்ளைக்காரர் தொடங்கி வைத்தார். சுதந்திரத்துக்குப் பின் நாம் இன்னும் உற்சாகமாக நட்டோம். செயற்கை இழைக்கும் கூழுக்கும் கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ், தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை என்னும் வாட்டில். உதகையில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளன்மார்கனில் பல்லாண்டு அளந்து பார்த்தது. புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றை அப்படியே விட்டு, பக்கத்தில் இன்னொன்றில் கற்பூர மரம் வைத்தார்கள். முதல் பத்தாண்டில் ஓடைக்கு வந்த நீர் ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் அடியிலிருந்து மீண்டும் துளிர்த்து வளர்ந்த அடுத்த சுற்றில் குறைவு ஏறக்குறைய 25 சதவீதம். கோடைக்கென்று மண் சேர்த்து வைக்கும் நீரும் அதே அளவில் அடிவாங்கியது. பில்லூரில் குடத்தை நீட்டுகிறவர்கள் இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டும்.

கற்பூர மரமாவது நட்ட இடத்தில் நிற்கும். சீகை நடக்கும். காற்றோடும் நீரோடும் விதை இறங்கி, ஓடைக்கரையைப் பிடித்துக்கொண்டு, புல்லை நிழலால் கொன்று முன்னேறும். நிழல் இருந்தால் நீர் குளிருமே, மீனுக்கு நல்லதுதானே என்று ஒரு தூண்டில் நண்பர் வாதாடினார். மீனுக்கு நிழல் தேவைதான். நீரே வராத ஓடையில் நிழலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மரமில்லாத புல்வெளி ஓடையிலும் கரைப்புல் இருபுறமும் நீரின்மேல் கவிந்து கிடக்கும். அதன் அடியில்தான் டிரவுட் பதுங்குகிறது.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு ஓராண்டில் கிடைப்பதே அந்த அளவுதான். அதற்கு முன்னும் பின்னும் நாள்களிலும் சளைக்காமல் கொட்டியது. மழை விட்ட பிறகு போனபோது, நான் அறிந்த கற்கள் ஒன்றுகூட அறிந்த இடத்தில் இல்லை. ஓடை ஓரிடத்தில் வேறு வழி பிடித்திருந்தது. சரிவுகளில் மண் சரிந்து சிவப்பாகக் காயம் தெரிந்தது. அத்தனை மழையை எந்தப் புல்லாலும் முழுசாகத் தாங்க முடியாது. அதைப் புல்லின் பெயரில் எழுதுவதும் நியாயமில்லை. ஆனால் அடுத்த கோடையில் எந்த ஓடையில் நீர் நின்றது, எதில் நிற்கவில்லை என்று நடந்து பார்த்தவர்களுக்கு மேலே சரிவில் இருப்பது புல்லா சீகையா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

*

வனத்துறை சில இடங்களில் சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. கட்டாயம் நடக்க வேண்டிய வேலை. மெதுவாக நடக்க வேண்டிய வேலையும்கூட. ஒரே மூச்சில் மொட்டையடித்தால் அடுத்த மழையில் மண் இறங்கி ஓடையின் கற்சந்துகளை அடைக்கும். துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் பக்கத்துப் புல்வெளியிலிருந்து எடுத்து வளர்த்த புல் நாற்றை நட வேண்டும். எந்தப் புல் சதுப்புக்கு, எது மேட்டுக்கு என்று தோடர்களுக்குத் தெரியும். தங்கள் கோயிலுக்கும் குடிலுக்கும் கூரை வேயும் புல்லைத் தேடி நடந்தே பழகியவர்கள். அவர்களைக் கூலிக்குக் கூப்பிடுவதோடு நிறுத்தாமல் யோசனைக்கும் கூப்பிடலாம்.

மரம் வெட்டிய அன்று புகைப்படம் எடுக்க எல்லோரும் வருகிறார்கள். முளைத்து வரும் சீகைக் கன்றை அடுத்த ஆண்டு குனிந்து பிடுங்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதற்கு அடுத்த ஆண்டுக்கும் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் முதல் மரத்தில் கோடாலி வைக்க வேண்டும். சீகை விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கும்.